மருந்து வரிசையைக் கடைசியில் அளந்தவர்

கறி வைத்துச் சுட்ட பேஸ்ட்ரியை க்ளெனிஸ் கரண்டியால் நடுவிலிருந்து தோண்டித் தின்பார். மொறுமொறுப்பான ஓரத்தை உடையாமல் விட்டுவைத்துக் கடைசியில்தான் கடிப்பார். அப்போது கண் மூடியிருக்கும். நல்லதைக் கடைசிக்கு வைப்பது அவர் வழக்கம்.

அடிலெய்டில் எங்கள் ஆய்வகத்தில் பதினேழு வருடமாகக் குடல் செல்களை வளர்த்தவர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவற்றுக்குத் தீனி மாற்ற வேண்டும், கிறிஸ்துமஸ் அன்றும். மாலையில் வீங்கிய கணுக்கால்களை நாற்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் குறிப்பு எழுதுவார்.

செல்கள் நெருக்கமாக ஒட்டி நின்றால் மின்சாரம் எளிதில் புகாது. தடை எண் ஏறும். நோய் வந்த குடலில் அந்த ஒட்டு விட்டுப்போகிறது. எங்கள் மருந்து பட்ட செல்களில் எண் ஏறியது. அதை நம்பித்தான் நாற்பது நோயாளிகளுக்கு மருந்தைக் கொடுத்துப் பார்க்க எங்கள் ஆய்வகத் தலைவர் டாக்டர் மார்ட்டின் நிதி கேட்டிருந்தார். நிதி வந்தால்தான் ஜூனுக்குப் பிறகு க்ளெனிஸுக்கு வேலை.

விண்ணப்பத்தின் தலைப்பு ‘செல்லின் சுவரிலிருந்து நோயாளியின் நலம் வரை’.

“அந்த ‘வரை’க்குள்ள எத்தனை ட்ராம் மாறணுமோ,” என்றார் க்ளெனிஸ்.

பிப்ரவரியில் ஒரு நாள், செல்கள் வளரும் தட்டை வரிசை வரிசையாகப் பாதி அளந்துகொண்டிருக்கும்போது தொலைபேசி வந்தது. பேசிவிட்டு வந்தவர், சந்தேகத்துக்கு முதல் வரிசையை மறுபடி அளந்தார். மருந்தே போடாத வரிசை அது. எண் ஏறியிருந்தது.

“கவிஞரே, கொஞ்சம் வாங்க.” தேநீர் நேரத்தில் நான் கவிதை படிப்பதால் எனக்கு அந்தப் பெயர். “தட்டு ஆறிப்போச்சு. ஆறினா எண் ஏறும்.”

“மருந்து வரிசையை எப்பவும் கடைசியாவா அளந்தீங்க?”

“நல்ல எண்ணைக் கடைசில பார்க்கணும்னு ஒரு ஆசை. ரெண்டு வருஷமா! என் மண்டைல என்னத்த வெச்சிருக்கேன் பாருங்க.”

மூன்று வாரம் தட்டைச் சூட்டிலேயே வைத்து, வரிசையை மாற்றி மாற்றி அளந்தார். மருந்து ஒன்றுமே செய்யவில்லை.

மார்ட்டின் தாள்களை இரண்டு முறை புரட்டினார். “இத வெளிய சொன்னா, ஜூனுக்கு அப்புறம் உங்கள வெச்சுக்க என்கிட்ட வழியில்ல க்ளெனிஸ்.”

“தெரியும். நிதிக்காரங்களுக்குக் கடிதம் நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா?”

கடிதம் போனது. ஜூன் கடைசி வெள்ளியன்று செல்கள் மேல் பிளீச் ஊற்றிவிட்டு, கை கழுவிக்கொண்டு, எப்போதும் போல ஐந்தரை ட்ராமுக்குப் போனார்.

ஜூலையில் அவர் விட்டுப்போன செருப்பை வாங்கிப்போகக் கணவர் ரே வந்தார். தங்கள் மகளின் எடை நாற்பத்தோரு கிலோவுக்கு இறங்கிவிட்டது என்றார். எட்டு வருடமாகக் குடல் நோயாம். எங்கள் மருந்துச் சோதனைக்குப் பெயர் கொடுத்தவர்களில் அவள் மூன்றாவது ஆள்.

“க்ளெனிஸுக்கு இது முன்னாடியே...”

“மகளோட படிவத்த நிரப்பினதே க்ளெனிஸ்தாம்ப்பா,” என்றார் ரே.