சிக்னல் மேல் போட்ட பழி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரில் எல்லோரும் சொல்வார்கள், என் வீட்டுக்காரரும் சொல்வார். அந்த வாயால்தான் எங்கள் ஊருக்கு நெட் லைன் வந்தது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பென்னாகரத்திலிருந்து காட்டுப் பக்கமாக உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். போன் பேச வேண்டுமென்றால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் நிற்க வேண்டும். அங்கேயும் பாதிப் பேச்சுதான் வரும். என் வீட்டுக்காரர் பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள் என்று வந்தார். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தொட்டி நிழலில் உட்கார்ந்திருப்பார். ஒரு ஃபைல் போய்ச் சேர்வதற்குள் போட்ட சோறு ஆறிவிடும். கொஞ்ச நாளிலேயே பையைக் கட்டிவிட்டார்.

"நல்ல லைன் மட்டும் இருந்தா நான் ஏன் புள்ள அங்க போயி ஒத்தையில கெடக்குறேன்? இங்கயே இருந்துட மாட்டனா?" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். அந்த ஒரு பேச்சை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கேபிள் டிவி நடத்துகிற அண்ணனைப் போய்ப் பார்த்தேன். "ஒத்த வூட்டுக்காக அவ்ளோ தூரம் ஒயர் இழுத்தா எனக்குக் கட்டுப்படி ஆவாதும்மா. ஊர்ல பாதிப் பேராவது சேருங்க, கம்பம் நட்டுக் கொண்டாந்துர்றேன். மாச வாடகையும் எல்லாரும் கட்டுற மாதிரி கொறச்சுக்கலாம்" என்றார்.

வீடு வீடாக ஏறி இறங்கினேன். பக்கத்து வீட்டு அக்கா சாமந்தித் தோட்டம் வைத்திருக்கிறாள். அவள் புருஷன் அப்போது பெங்களூரில் பெயிண்ட் அடிக்கிற வேலையில் இருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அடேங்கப்பா! புருசன் வூட்டுக்கு வர்றதுக்கு ஊருக்கே ஒயர் இழுக்குறியா?"

"ஆமாக்கா, இழுக்கறேன். நீயும் ஒரு பக்கம் புடி" என்றேன். வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. ஆனால் அவள்தான் முதல் ஆளாகச் சேர்ந்தாள். அவள் சேர்ந்ததைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

லைன் வந்தது. அக்கா பூவை போட்டோ எடுத்து பெங்களூர்க் கடைக்காரர்களுக்கு அனுப்பி, விலை கேட்ட பிறகுதான் இப்போது பறிக்கிறாள். தரகர் சொன்னதுதான் விலை என்றிருந்த காலம் போய்விட்டது. மேல்தெருவில் ஒரு பெண் வீட்டில் இருந்தபடியே ஏதோ கம்பெனிக்குப் போனில் பேசிச் சம்பளம் வாங்குகிறாள். தோட்டத்துக்கு ஆள் பற்றவில்லை என்று அக்காவின் புருஷன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டார். சாயங்காலமானால் உப்பு கூட, புளி கம்மி என்று இரண்டு பேரும் சண்டை போடுவது எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்கும். சந்தோஷமாகத்தான் இருந்தது. வயிறும் எரிந்தது.

எங்கள் வீட்டுச் சுவரிலும் அந்த நெட் பெட்டி பச்சை விளக்கோடு எரிகிறது. ஜன்னல் பக்கத்தில் என் வீட்டுக்காரருக்கென்று மேசையும் நாற்காலியும் வாங்கிப் போட்டேன். துவைத்த துணியை இப்போது அந்த நாற்காலியில்தான் போடுகிறேன்.

லைன் வந்த புதிதில், "அடுத்த மாசம் மேனேஜர்கிட்ட பேசறேன்" என்றார். அடுத்த மாதமும் அதையேதான் சொன்னார். மாடியில் நின்று பேசிய காலத்தில் அவர் பதில் சொல்லாமல் போனால், பாழாய்ப்போன சிக்னல் என்று திட்டிவிட்டு இறங்கி வந்து நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

போன பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம் வீடியோவில் வந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன்.

"மேனேஜர்கிட்ட கேட்டீங்களா, இல்லியா? உங்களுக்கு இங்க வர்ற எண்ணம் இருக்குதா?"

அவர் பார்வையைக் கீழே இறக்கினார். பிறகு, "என்ன சொன்ன? கேக்கல புள்ள. கட்டாவுது" என்றார்.

அவர் தலைக்குப் பின்னால் மின்விசிறி நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. சுவரில் மாட்டிய காலண்டர்த் தாள் அந்தக் காற்றில் படபடத்த சத்தம்கூட எனக்குக் கேட்டது. இத்தனை வாய் இருந்தும் அதை நான் சொல்லிக் காட்டவில்லை. "ஆமாங்க, இங்கயும் கட்டாவுது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் பூக்கூடையோடு வந்த அக்கா, "வர்றாராடி? என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"பேசவே முடியலக்கா. லைன் சரியில்ல."

அவள் மனசு தாங்காமல் கேபிள் அண்ணனுக்குப் போன் போட்டுத் திட்டியிருக்கிறாள். அந்த மனுஷன் வேகாத வெயிலில் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து கம்பத்தில் ஏறினார், இறங்கினார், பெட்டியைக் கழற்றி மாட்டினார், தன் போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டும் பார்த்தார்.

"லைன்ல ஒரு கொறையும் இல்லம்மா" என்றார்.

"தெரியும்ணா" என்றேன். நாற்காலியில் இருந்த துணியை எடுத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னேன். வாங்கிப் போட்டதிலிருந்து அதில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான்.