பச்சைத் தகட்டின் கீழ்

காலை ஆறு ஐம்பதுக்குப் பல்கனிக் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது என் கை. அது பச்சையாக இருந்தது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை, மாரியில் பாசி பிடித்த மதிலின் நிறம். உள்ளே இழுத்தேன், மீண்டும் என் கையாயிற்று.

முந்தின நாள் பின்னேரம்தான் தகடுகளைப் பூட்டி முடித்திருந்தார்கள். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நான்கு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். பக்கத்து வளவில் இருந்த பழைய வீட்டை இடித்துவிட்டு உயரமாகத் தொடர்மாடி எழுப்புகிறார்கள். சீமெந்துத் துண்டுகள் எங்கள் பல்கனிகளில் விழத் தொடங்கிய பிறகு, எங்கள் பக்கம் முழுவதையும் மேலிருந்து கீழ்வரை ஒளி புகும் பிளாஸ்டிக் தகட்டால் மறைத்துத் தருவதாகக் கட்டுகிறவர்கள் ஒப்புக்கொண்டார்கள். என்ன நிறம் என்பதை மட்டும் எங்களிடம் விட்டார்கள்.

அதற்கு ஒரு கூட்டம் நடந்தது. வாகனங்கள் நிற்கும் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு இருந்தோம். நிறமில்லாத தகட்டில் அழுக்குத் தெரியும் என்று ஒருவர் சொன்னார். நீலம் அடித்தால் வீட்டுக்குள் எல்லாரும் செத்தவர்கள் மாதிரித் தெரிவோம் என்றார் இன்னொருவர். பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பதில் எல்லாருக்கும் உடன்பாடு. இரண்டாம் மாடி வீட்டுக்கார அம்மா ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "டீச்சரின்ர பூங்கண்டுகளுக்கும் சந்தோசம்தானே. அதுகளின்ர நிறம்" என்றார். அதோடு விஷயம் முடிந்தது. எல்லாரும் கை உயர்த்தினோம்.

டீச்சர் என்றால் என் தங்கச்சி. பம்பலப்பிட்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவள். நெடுங்காலம் இருவரும் கல்யாணம் செய்யவில்லை. கொழும்புக்கு வந்த நாளிலிருந்து ஒரே வீட்டில் இருந்தோம். ஓய்வு பெற்ற அடுத்த வருடம் அவள் கல்யாணம் செய்தாள். மாப்பிள்ளை கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், கத்தோலிக்கர். எங்கள் சொந்தக்காரர்கள் அதைப் பற்றி நிறையக் கதைத்தார்கள். பிறகு ஓய்ந்தார்கள்.

அவள் இரண்டு சூட்கேசோடு போனாள். சாடிகள் இங்கே நின்றன. செவ்வரத்தை, கறிவேப்பிலை, துளசி, வகுப்புக்கென்று வளர்த்த வெள்ளையும் பச்சையும் கலந்த இலைக் கன்றுகள், இலை முழுவதும் இரத்தச் சிவப்பான ஒரு செடி. அந்தச் சிவப்புச் செடியை நான் குரோட்டன் என்பேன். அது குரோட்டன் இல்லை என்று அவள் ஒவ்வொரு தடவையும் திருத்துவாள். அங்கே முற்றத்தைக் கிளறித் தண்ணீர்க் குழாய் மாற்றுகிறார்கள், அது முடியும் வரை இங்கே இருக்கட்டும் என்பதுதான் ஏற்பாடு. குழாய் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. அதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிறு காலையில் கணவர் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவார். பூசை முடிந்தால் அவருக்குக் கோயில் சபைக் கூட்டம். அந்த இடைவெளியில் அவள் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வருவாள். கைப்பையை மேசையில் வைத்துவிட்டு நேரே பல்கனிக்குத்தான் போவாள். காய்ந்ததைக் கிள்ளுவாள், மண்ணைக் கிளறுவாள், அங்கிருந்தபடியே என்னோடு கதைப்பாள். அவளுக்கும் சேர்த்து விடியவே சந்தையில் மீன் வாங்கி வைத்துவிட்டு, நான் தேத்தண்ணியோடு கதவடியில் நிற்பேன். மற்ற நாட்களில் என் வேலை, ஒரு பத்திரிகைக்காக வீட்டிலிருந்தே பக்கங்களைத் திருத்திக் கொடுப்பது. அதற்குக் குரல் தேவையில்லை. பாண் கடையில் சொல்லும் இரண்டு சொற்களோடு சில நாட்கள் முடிந்துவிடும்.

சாடிகள் போனால் ஞாயிறும் போகும் என்பது எனக்குத் தெரியும். நகரத்தின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு, செய்ய ஒரு வேலையும் இல்லாமல், ஒவ்வொரு கிழமையும் யாரும் பஸ் ஏற மாட்டார்கள்.

தகடு பூட்டிய நேரத்தில் அவள் கணவரோடு மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்ததும் அவருக்கு நெஞ்சுச் சளி. அதனால் ஒரு மாதத்துக்கு மேல் வரவில்லை. நான் பச்சை வெளிச்சத்தில் இருந்து பழகினேன். பல்கனிக் கதவடி மேசையில் சோறு பாசி படிந்ததுபோலத் தெரிந்தது. பீட்றூட் கறி கறுப்பு, தக்காளியும் கறுப்பு. சிவப்பு இலைச் செடியும் முதல் நாளிலிருந்தே கறுப்பாகத்தான் நின்றது. பச்சை வெளிச்சத்தில் திருப்பி அனுப்பச் சிவப்பே இல்லை, அதனால் சிவந்த பொருள் கறுத்துத் தெரியும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். நாட்கள் போக அந்தக் கறுப்பு வெளுத்தது. செடி தெளிகிறது என்று நினைத்தேன். மற்றவையும் உயர்ந்துகொண்டிருந்தன. துளசி ஒரு முழம் நீண்டிருந்தது. நன்றாக வளர்கின்றன என்று தொலைபேசியில் அவளுக்குச் சொன்னேன்.

அவள் வந்த ஞாயிறு, பல்கனி வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"ஆர் இந்த நிறத்தைத் தெரிஞ்செடுத்தது?"

எல்லாரும் சேர்ந்துதான், உன்னுடைய கன்றுகளுக்கு நல்லதென்று, என்றேன். அவள் முதலில் சிரித்தாள்.

"அக்கா, இலை ஏன் பச்சையாத் தெரியுது? பச்சையை அது எடுக்காமத் திருப்பி அனுப்புறதாலதான். சிவப்பும் நீலமும்தான் அதுக்குச் சாப்பாடு. நீங்கள் எல்லாரும் கூட்டம் வைச்சு, அது வேண்டாமெண்டு தள்ளுறதை மட்டும் உள்ள விட்டிருக்கிறியள்."

துளசியின் தண்டை விரலால் தொட்டுக் காட்டினாள். அது வளர்ச்சி இல்லை, வெளிச்சத்தைத் தேடி ஓடும் ஓட்டம் என்றாள். கணுவுக்குக் கணு தூரம் கூடியிருந்தது, இலைகள் சிறுத்திருந்தன. பிறகு சிவப்புச் செடியைத் தூக்கிக்கொண்டு வெளி நடைக்குப் போனாள். அங்கே படிக்கட்டு யன்னலால் சாதாரண வெயில் விழும். பின்னால் போய்ப் பார்த்தேன். செடியில் சிவப்பு இல்லை. நரம்போரத்தில் ஒரு கோடு மட்டும் மிச்சம். மற்றதெல்லாம் கீரையின் பச்சை. ஒரு மாதமாகத் தினமும் தண்ணீர் ஊற்றியவள் நான். அதன் நிறம் போனதை அந்த வெளிச்சம் எனக்குக் காட்டவில்லை.

பச்சையாகியிருக்கிறதே, அது நல்லதுதானே என்று கேட்டேன். படிக்கட்டில் குந்தியிருந்து, வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னாள். சிவப்பு இலைக்குள்ளும் பச்சையம் உண்டு. சிவப்பு அதை மூடி நிற்கிறது. கடும் வெயிலில் இலை கருகாமல் இருக்க அந்தச் சிவப்பு ஒரு குடை. வெயில் குறைந்தால் செடி குடை செய்வதை நிறுத்திவிடும். மஞ்சள் நிறப்பொருளும் இலையில் இருக்கிறது. அது நீல ஒளியில் கொஞ்சத்தைப் பிடித்துப் பச்சையத்திடம் கொடுக்கும். இந்தத் தகட்டுக்குள் பிடிப்பதற்கு நீலமும் இல்லை.

சொல்லி முடித்து எழும்பினாள். "இஞ்ச இருந்தா இதுகள் தப்பாது. கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோறன்."

நான் காரணங்கள் தேடினேன். தூசியாக இருக்கலாம். நான் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றியிருக்கலாம். தகட்டை மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்று நானே கீழே போய்க் கட்டட மேற்பார்வையாளரோடு சிங்களத்தில் கதைத்துவிட்டு வந்தேன். வேலை முடியும் வரை தகடு இப்படித்தான், இன்னும் இரண்டு வருடமாவது ஆகும் என்றார். மொட்டை மாடியில் சாடி வைக்க எங்கள் கட்டடத்தில் அனுமதி இல்லை, கொங்கிரீட் கசியுமாம். கடைசியில் சொன்னேன்: நீ சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் காட்டு. பிறர் எழுதியதன் ஓரத்தில் 'யார் சொன்னது?' என்று எழுதியே வயது போனவள் நான்.

"பத்திரிகைக்காரிக்கு ஆதாரம் வேணுமாம்" என்றாள். ஆனால் சம்மதித்தாள். எனக்கு இன்னும் ஒரு ஞாயிறு கிடைத்தது.

அந்தக் கிழமை தொலைபேசியில் வேலைகளைச் சொன்னாள். சிவப்பு, நீலம், பச்சை நிறங்களில் கண்ணாடித்தாள் வாங்க வேண்டும். வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு கட்ட விற்பார்களே, அந்தத் தாள். சந்தைக்குப் பக்கத்துக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வெசாக் இவரய்னே, நோனா" என்றார். வெசாக் முடிந்தது எனக்கும் தெரியும் என்று அவருடைய மொழியிலேயே சொன்னேன். மேல் தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துத் தந்தார். வெள்ளிக்கிழமை செவ்வரத்தைச் சாடியை அவளுடைய அறையில் வைத்து யன்னலை மூடினேன். இலையில் சேர்ந்திருக்கும் மாப்பொருள் இருட்டில் தீர வேண்டும். அப்போதுதான் புதிதாகச் செய்தது எது என்று தெரியும். அந்த அறையில் கட்டிலும் வெறும் அலுமாரியும் இருந்தன. சனிக்கிழமை முழுவதும் மூடிய கதவைக் கடந்துதான் குசினிக்குப் போனேன்.

ஞாயிறு காலை, அரை நாளுக்கு யார் கேட்கப்போகிறார்கள் என்று, சாடியை இருவருமாக மொட்டை மாடிக்குத் தூக்கினோம். மூன்று இலைகளைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு நிறத் தாளால் இரண்டு மடிப்பாகச் சுற்றி, தலைமயிர்க் கிளிப்பால் இறுக்கினாள். பிறகு குழம்பாமல் இருக்க இலை விளிம்பில் கத்தரிக்கோலால் அடையாளம் வெட்டினாள். வெயில் ஏறும் வரை தண்ணீர்த் தாங்கியின் நிழலில் இருந்தோம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கடல் ஒரு துண்டாகத் தெரிந்தது.

அங்கே இருந்தபோது அவள் அந்த வீட்டைப் பற்றிச் சொன்னாள். அதுவரை சொன்னதில்லை. மண்டபத்தில் முதல் மனைவியின் படம், அவர் வாங்கிய திரைச்சீலை, அவர் அடுக்கிய கோப்பைகள். கணவர் ஒன்றையும் தொடாதே என்று சொன்னதில்லை. இவள்தான் தொடவில்லை. விடிய எழும்பினால் எந்தக் கதிரையில் இருப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறதாம்.

"அந்த வீட்டில என்ர எண்டு சொல்ல ஒண்டும் இல்லை அக்கா. முற்றம் மட்டும் வெறுமையாக் கிடக்கு."

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் இலைகளைக் கிள்ளி, தகடு மறைக்காத பக்கத்தில் இருக்கும் குசினிக்குக் கொண்டுவந்தோம். முதலில் கொதிநீரில் போட்டாள். பிறகு அடுப்பை அணைத்து, ஸ்பிரிட் ஊற்றிய கிளாசில் இலைகளை இட்டு, கிளாசைச் சுடுதண்ணீருக்குள் இறக்கினாள். பச்சை மெல்லக் கழன்று ஸ்பிரிட்டுக்கு வந்தது. இலைகள் நனைந்த கடதாசிபோல வெளுத்தன. அவற்றை வெள்ளைப் பீங்கானில் விரித்து, பாடசாலையிலிருந்து கொண்டுவந்திருந்த போத்தலில் இருந்து அயடீன் சொட்டினாள்.

சிவப்புத் தாளுக்குள் இருந்த இலை கறுநீலமாயிற்று. நீலத் தாளுக்குள் இருந்தது அதைவிடச் சற்றுக் குறைவு, ஆனாலும் கறுத்தது. பச்சைத் தாளுக்குள் இருந்தது அயடீனின் மண்ணிறத்திலேயே கிடந்தது. நடு நரம்பை ஒட்டி மட்டும் மங்கலாக ஒரு கறை.

"ஒண்டுமே செய்யேல்லை எண்டில்லை, பாருங்கோ. கொஞ்சம் செய்திருக்கு" என்றாள். "பச்சை ஒளி வேலைக்கே உதவாது எண்டு எங்கயும் எழுதிப்போடாதேங்கோ."

எழுத மாட்டேன் என்றேன். பீங்கானை யன்னலோரம் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தேன். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"எப்ப கொண்டுபோறாய்?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கிளாசைக் கழுவத் திரும்பினாள். "வாற ஞாயிறு. அவரும் வருவார்."

அவர் பூசை முடிந்த கையோடு ஒரு சின்ன லொறியில் வந்தார். அன்று சபைக் கூட்டத்துக்குப் போகவில்லையாம். எங்கள் கட்டடத்தில் லிப்ட் இல்லை. ஒவ்வொரு சாடியாக அவரே தூக்கி இறக்கினார். வெள்ளைச் சேர்ட்டின் முன்பக்கம் முழுவதும் மண். சட்டை வீணாகிறதே என்றேன். "டீச்சர் ஒரு வருசமா ஒண்ணும் கேக்கல அக்கா. இதத்தான் கேட்டாங்க" என்றார். மூச்சு வாங்கக் கதவடியில் நின்று, முற்றத்தில் காலையிலிருந்தே வெயில் விழும் என்றார். ஒரு நாளைக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றார். வருகிறேன் என்றேன்.

அவள் முன் ஆசனத்தில், சிவப்பு இலைச் செடியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஏதோ சொல்ல யன்னலை இறக்கினாள். கருவாட்டுத் தண்ணீர் ஊற்றினால் கறிவேப்பிலை துளிர்க்கும் என்று நான் எப்போதோ சொன்னது உண்மையா என்று கேட்டாள். தெரியாது, யாரோ சொன்னது, என்றேன். சிரித்தாள். லொறி பெருந்தெருவான காலி வீதிப் பக்கம் திரும்பியது.

பல்கனியைக் கழுவினேன். தண்ணீர் பச்சையாக ஓடியது. வாளியில் ஏந்தி வெளி நடைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் சாதாரணத் தண்ணீர்.

சில கிழமைகளுக்குப் பிறகு ஒரு படம் அனுப்பினாள். முற்றத்துச் சுவரோரம் சாடிகள் வரிசையாக நின்றன. அவள் மடியில் கொண்டுபோன செடியின் நுனியில் இரண்டு புது இலைகள் சிவப்பு. பெரிதாக்கிப் பார்த்தேன். வெயில் நன்றாக விழுந்திருந்தது. நல்லம் என்று பதில் எழுதினேன்.

அந்த ஞாயிறு காலை சந்தைக்குப் போய் ஒருவருக்கு மட்டும் அளவான மீன் வாங்கினேன்.