நமுனுகுல மலைக்கு ஏறிய பாண்

எங்கள் வீட்டு அலுமாரியில் ஓர் அலுமினிய டின் இருக்கிறது. பட்டாளக்காரர் வைத்துச் சாப்பிடுகிற வகை. மடக்குக் கைப்பிடி, ஒரு பக்கம் நசுங்கல். நோன்பு பிறந்ததும் மனைவி அதைத் தேய்த்துக் கழுவி மேசையில் வைப்பாள். சார்ஜன்ட் நானாவுக்கு ஒரு துஆ கேட்காமல் நான் நோன்பு திறப்பதில்லை.

அறுபதுகளின் கடைசி. அந்த வருஷம் நோன்பு அடைமழையோடு வந்தது. பதுளை பஸாரில் எனக்கொரு சின்ன பேக்கரி. நமுனுகுல மலையில் பயிற்சிக்கு வந்திருந்த எண்பது சிப்பாய்களுக்கு நான்தான் பாண் போட்டேன். அவர்களுடைய சாப்பாட்டுச் சாமான் முழுவதும் சார்ஜன்ட் நானாவின் பொறுப்பு. மலாய்க்காரர், எனக்கு அண்ணன் முறையில் நானா, தொழுகையாளி, தமிழ் சரளமாகப் பேசுவார். பட்டாளத்தில் அவர் துப்பாக்கி பிடித்து நான் பார்த்ததில்லை. மூடை கட்டித்தான் பார்த்திருக்கிறேன். "கடைசிச் சிப்பாய் திண்ட பொறகுதான் ஸ்டோர்க்காரன் வாயில வைக்கணும்" என்பார்.

முகாம் போட்ட நாலாம் நாள், காலிப் பெட்டிகளைத் திருப்பி எடுக்க நானும் அவரோடு லொறியில் போனேன். பாதி மலையில் பாதை சரிந்து கிடந்தது. முகாமுக்கு இன்னும் இரண்டு மைல் ஏற்றம். மேலே சாமான் தீர்ந்து எண்பது பேரும் காலையிலிருந்து வெறும் வயிறு. நாங்களோ டிரைவரோடு மூன்றே பேர். நானா தலையில் கை வைத்தபடி நின்றது ஒரு நிமிஷம்தான். பிறகு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தை நோக்கி நடந்தார். அந்தி நிறுவை முடிந்து பன்னிரண்டு பெண்கள் வெறுங்கூடையோடு வந்துகொண்டிருந்தார்கள். கூலி ஆளுக்கொரு ராத்தல் பாண் என்று பேச்சு முடிந்தது.

நானா பட்டாள முறைப்படி ஏற்றினார்: பாணுக்கு இத்தனை கூடை, பருப்புக்கு இத்தனை, சீனிக்கு ஒன்று, தேயிலைக்கு ஒன்று.

"தேயிலையா? நாங்க கீழ அனுப்புனத நீங்க மேல கொண்டாறீங்களா தொரை?" என்றார் முன்னால் நின்ற அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சீனிக் கூடையைப் பார்த்து முகம் சுளித்தார். "இது சரிப்படாதுங்க. வழுக்குற பாதை. சீனிக்காரி விழுந்தா மொத்தச் சீனியும் ஓடையிலதான். எல்லாக் கூடையிலயும் எல்லாத்தையும் கொஞ்சங் கொஞ்சமா வைங்க."

நானா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இத எனக்கு பட்டாளத்துல ஒருத்தரும் சொல்லல்லயே!" என்று சிரித்து, அத்தனையையும் இறக்கி மறுபடி ஏற்றினார்.

இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கால் கூடைகளை மூடி, கயிற்றைத் தலையில் மாட்டி அவர்கள் ஏறிய வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. மழை வலுத்தது. "பாண் நனைஞ்சா தண்ணிக்கு எத்தன ராத்தல் வெட்டுவீங்க தொரை, நனைஞ்ச கொழுந்துக்கு எங்க கணக்கப்புள்ள வெட்டுற மாதிரி?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். கேட்ட வாயோடு அவளே சறுக்கினாள். அல்ஹம்துலில்லாஹ், ஆளுக்கு ஒன்றுமில்லை. கூடை மட்டும் உருண்டு ஓடையோடு போனது.

முகாமில் பதினொரு கூடை இறங்கியது. ஒவ்வொன்றிலும் எல்லாம் இருந்தபடியால் ஒன்றும் அடியோடு இல்லாமல் போகவில்லை. எண்பது பேருக்கும் பாணும் பருப்பும் கிடைத்தன, இனித்த தேநீரும்.

நோன்பு திறக்கும் நேரம். நானா கூடை கூடையாகத் துழாவினார். எங்கள் இருவருக்குமான பேரீச்சம்பழப் பொட்டலத்தைக் காணோம். அது இருந்தது ஓடைக்குப் போன கூடையில்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஊருக்கெல்லாம் பிரிச்சு வச்சீங்க, உங்களுத மட்டும் ஒரே எடத்துல வச்சிட்டீங்களே!"

நானாவும் சிரித்துச் சிரித்துத்தான் பிஸ்மில்லாஹ் சொன்னார். பச்சைத் தண்ணீரில் நோன்பு திறந்தோம். கடைசிச் சிப்பாய் வாங்கிப் போகும்வரை அவர் வேறொன்றும் தொடவில்லை. பிறகு தன் டின்னில் தேநீர் ஊற்றி, பாணைப் பிய்த்து என்னிடம் முதலில் நீட்டினார். முகாம் கலைந்த அன்று அந்த டின்னையே தந்துவிட்டுப் போனார். அதன்பின் அவரை நான் காணவில்லை. அல்லாஹ் அவருக்கு நிறைவாகக் கொடுக்கட்டும்.

இன்று டின் நிறையப் பேரீச்சம்பழம். ஆனாலும் பள்ளிவாசலுக்குப் புறப்படும்போது வலப் பையில் இரண்டு, இடப் பையில் இரண்டு போட்டுக்கொள்வேன். மனைவி பார்த்துச் சிரிப்பாள். "அடுத்த தெருவுக்குத்தானே போறீங்க, எந்த ஓடையில விழப் போறீங்க?"