செல்லக்கண்ணு கற்ற சண்டை

பர்மாவில், பசுந்தாங் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய செல்லக்கண்ணுவுக்குத் தன் உடம்பே பிடிக்காமல் போனது, மேஸ்திரி பெத்தபெருமாள் அதன்மேல் கண் வைத்த பிறகுதான். அவனைப் பர்மியக் குத்துச்சண்டையில் இறக்கிப் பந்தயம் கட்ட மேஸ்திரிக்கு ஆசை. பச்சை முட்டையும் ஆட்டுக்கொழுப்பும் விழுங்க வைத்தார். சாயங்காலமானால் கூட்டாளிகளை அழைத்து வந்து, மாட்டுச் சந்தையில் தட்டிப் பார்ப்பதுபோல் அவன் தொடையைத் தட்டிக் காட்டுவார். அந்த ஈரக் கை பட்ட இடத்தைச் செல்லக்கண்ணு மண் போட்டுத் தேய்த்துக் கழுவுவான்.

"பர்மாக்காரன் எலும்பும் தோலுமா இருப்பான். ஒரே குத்து போதும்டா," என்றார் மேஸ்திரி.

புத்தர் கோயிலான பகோடாவின் திருவிழாவில் எதிரே நின்றவன் சம்பான் படகு ஓட்டும் கோ போ தின். ஒல்லியான ஆள். செல்லக்கண்ணு விட்ட குத்தெல்லாம் காற்றில் போயின. மூச்சு வாங்கி நின்றபோது வயிற்றில் ஒரு முழங்கால் ஏறியது. தின்றதெல்லாம் கூட்டத்தின் முன்னால் வெளியே வந்தது. சனங்கள் சிரித்தார்கள். வாந்தியிலேயே விழுந்து கிடந்தவனைக் கோ போ தின்தான் தூக்கிவிட்டான்.

மறுவாரம் செல்லக்கண்ணு ஓடைக்கரைக்கு அவனைத் தேடிப் போனான். "எனக்கும் சொல்லிக் கொடு, கோ போ தின்."

"எங்க அடிக்கப் போறேன்னு உன் தோளு முன்னாடியே சொல்லிடுது," என்றான் அவன், கூலிக்காரர்களிடம் பழகிய தமிழில். "பலம் வேணாம்னு சொல்லலை. அடி படுற நேரத்துல மட்டும் போதும்."

ஆடுகிற சம்பானில் ஒற்றைக் காலில் நிற்கவைத்தான். செல்லக்கண்ணு சேற்றில் விழுந்து விழுந்து எழுந்தான். மாதங்கள் போயின. தோள் இளகியது, கண் பழகியது.

அடுத்த திருவிழாவில் பெத்தபெருமாள் அவனை மறுபடி இறக்கினார். எதிரே வேறொரு மேஸ்திரி இறக்கியது, அண்மையில் கப்பலில் வந்த சின்னத்தம்பியை. எருமை மாதிரி உடம்பு.

"சீக்கிரம் விழவெச்சுடாதே. ரத்தம் பார்த்தாத்தான் கூட்டம் நிக்கும்," என்று பெத்தபெருமாள் காதில் ஓதினார்.

சின்னத்தம்பியின் ஒவ்வொரு குத்தும் கிளம்புமுன்பே செல்லக்கண்ணுவுக்குத் தெரிந்தது. விலகினான். ஒரு தடவை மூக்கில் கொடுத்தான். ரத்தம் கொட்டியது. கூட்டம் ஊளையிட்டது; யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு செல்லக்கண்ணுவின் முதுகில் வழிந்தது.

"கண்ணுல போடுடா," என்று கத்தினார் பெத்தபெருமாள்.

ரத்தமும் கண்ணீரும் மறைத்துக் கண் தெரியாமல் தடவிக்கொண்டிருந்த சின்னத்தம்பி, "அண்ணே, எங்க நிக்கிறீங்க?" என்று கேட்டான். எந்த இடத்தில் அடித்தால் எது உடையும் என்று தன் கைக்குத் தெரிந்திருப்பதே செல்லக்கண்ணுவுக்கு அருவருப்பாக இருந்தது. காலை வாரி, தலை தரையில் மோதாமல் தாங்கிக் கிடத்தினான். சின்னத்தம்பி தோல்வியை ஒப்புக்கொள்ளும்வரை அழுத்திப் பிடித்திருந்தான். அவ்வளவுதான் சண்டை. ஏமாந்த கூட்டம் கடலைத் தோலை விட்டெறிந்தது.

"ஜெயிச்சும் காரியத்தைக் கெடுத்துட்டியே," என்று மேஸ்திரி தோளைப் பிடித்தார்.

"கைய எடுங்க," என்றான் செல்லக்கண்ணு.

ஆலைக்கு அவன் திரும்பவில்லை. ஓடையில் வாடகைச் சம்பான் ஓட்டினான். விடியற்காலையில் கோ போ தின்னோடு சண்டை பழகுவதை மட்டும் விடவில்லை. ஆனால் யாராவது வேடிக்கை பார்க்க நின்றால், கையைத் தொங்கப் போட்டுவிட்டு அவர்கள் போகும்வரை சும்மா நிற்பான்.