இசைத்தட்டில் இருக்கிற ஓம்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. கனடாவில் இருக்கும் தம்பி கேட்டபடியால் எழுதுகிறேன்.

இளவயதில் தம்பியும் கூட்டாளிகளும் றொக் பான்ட் என்று இசைக்குழு ஒன்று வைத்திருந்தார்கள். முதல் இசைத்தட்டை எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டு முன்னறையில்தான் பதிந்தார்கள். யன்னல்களை மெத்தையால் அடைத்துவிட்டு, என்னைக் குசினிக்குள் சட்டிபானைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார்கள். ஒரே பாட்டு ஒரு பக்கம் முழுக்க ஓடும். தாளம் பிடித்துக் காலைத் தட்டினால் நடுவில் மாறிப்போகும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாங்கவும் ஆளில்லை. தட்டுகள் கட்டிலுக்குக் கீழே கிடந்தன.

இப்போது அது பெரிய விஷயமாம். பிறகு வந்த பான்ட்காரர்கள் பலர் அதைக் கேட்டுத்தான் பழகினார்களாம். வெளிநாட்டில் மறுபடி வெளியிடப் போகிறார்கள். அந்த நீளப் பாட்டில் வாத்தியமெல்லாம் ஓய்ந்த இடத்தில் ஒரு பெண்குரல் "ஓ…ம், ஓ…ம்" என்கிறது. அதை மந்திரம் என்று கொண்டாடுகிறார்களாம். அந்தக் குரல் நான்தான், மந்திரம்தான் சொன்னேன் என்று தட்டின் உறையில் போட நாலு வரி கேட்டான் தம்பி.

இப்போது இருக்கும் வெள்ளவத்தை வீட்டில் போனைப் பிடித்தபடி சிரித்துவிட்டேன். எங்கள் பேச்சில் ஆமாம் என்பதற்கும் ஓம்தான்.

"அது மீன்காரனுக்குச் சொன்ன ஓமடா. பின்வாசலில நிண்டு 'தலையையும் வெட்டவோ' எண்டு கேட்டவன். சத்தம் போடாதேங்கோ எண்டு நீ சொன்னபடியா மெல்ல இழுத்துச் சொன்னனான்."

"ஐயோ அக்கா! அப்ப நீங்கள் சாமியறையில கும்பிடேல்லையோ? இவ்வளவு காலமும் எல்லாருக்கும் அப்பிடித்தானே சொல்லிக்கொண்டு வாறன். பாட்டைக் கேட்ட ஒராள், தகப்பன் சாகக் கிடக்கேக்க அந்த இடத்தைத்தான் அவருக்குப் போட்டு விட்டவராம்."

"அதுக்கு நான் என்ன செய்ய? பாரை மீனடா அது."

பிறகு கேட்டான்.

"ட்ரம்ஸ் அடிச்சவன் ஜும்மா தொழுதிட்டு வந்தாப்பிறகுதானே தொடங்கினனாங்கள். வெள்ளிக்கிழமை எங்கட வீட்டில மீன் ஏதக்கா?"

அவன் சொன்னது சரிதான். வெள்ளியில் எங்கள் வீட்டில் மீன் மச்சம் காய்ச்சுவதேயில்லை.

அன்றிலிருந்து குழம்பிப் போய் இருக்கிறேன். தம்பி அனுப்பிய அந்த இடத்தைப் போனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். குரல் என்னுடையதுதான். இத்தனை பேர் கேட்டிருக்கிறார்களே என்று கூச்சமாக இருக்கிறது. மீன்காரனின் சத்தம் அதில் இல்லை. ஆனால் நான் வாய்விட்டுக் கும்பிடுகிறவளும் இல்லை. அப்படியென்றால் மீன் வெட்டினது வேறு நாளோ? அன்றைக்கு அம்மா கூப்பிட்டு, அதற்கு ஓம் என்றேனோ? மந்திரம் என்று எழுதினால், சாகக் கிடந்தவருக்குப் பொய் சொன்ன மாதிரி. மீன் என்று எழுதினால், அதுவும் பொய்யாக இருந்தால்?

பெண் ஒருத்தி ஓம் என்கிறாள் என்று மட்டும் உறையில் போடட்டும். ட்ரம்ஸ் அடித்தவர் ஹெவ்லொக் டவுனில்தான் இருக்கிறார். அந்த இடத்தைப் பதிந்தது வெள்ளியா, அடுத்த நாளா என்று உறை அச்சுக்குப் போகமுன் இதை வாசிக்கிற யாராவது அவரிடம் கேட்டு, நான் எழுதியதைத் திருத்திவிடுங்கள்.