அம்மா நடித்த நுகர்வோர்கள்

எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். படிக்கிறேன். அங்கே மார்க்கெட்டிங்கின் அடிப்படைக் கொள்கைகள் என்று ஒரு பாடம். விற்பனை என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள மட்டாஞ்சேரியிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன ஒரே ஜீவன் நானாகத்தான் இருப்பேன். எங்கள் தெருவில் வீட்டு வாசலைத் தாண்டினாலே யாராவது எதையாவது யார் தலையிலாவது கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். வெள்ளைக்காரருக்கு ஏலக்காய், வடக்கத்தியருக்கு வாசனைத் தைலம், எங்களுக்கு முந்தாநாள் மீன். ஆனால் பாவம், அவர்கள் யாரிடமும் ஸ்லைடு கிடையாது. எங்கள் சாரிடம் இருந்தது.

முதல் வகுப்பிலேயே சார் எங்கள் கண்ணைத் திறந்துவிட்டார். பசி என்பது தேவை. பிரியாணி என்பது விருப்பம். கையில் காசோடு பிரியாணி கேட்டால் அது டிமாண்டு. மதியச் சாப்பாட்டுக்கு முந்தின வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கத் தனிக் கல்நெஞ்சம் வேண்டும். எல்லோரும் பக்தியோடு எழுதிக்கொண்டோம்.

அடுத்து ஒரு புராஜெக்ட் வந்தது. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கொரு பொருளைக் கொடுத்தார்கள். எங்கள் குழுவுக்கு டீத்தூள். மற்றவர்களுக்கு ஷாம்பு, குக்கர், சத்துமாவு இப்படி. குடும்பத் தலைவி ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் எப்படி வாங்குகிறார், ஏன் வாங்குகிறார் என்று பேட்டி எடுத்து வீடியோவாகக் கொடுக்க வேண்டும். சொந்தக்காரர், தெரிந்தவர் யாரும் கூடாது. பிடிபட்டால் குழுவுக்கே பூஜ்யம். இந்தப் பாடத்தில் இன்டர்னல் மார்க் போனால் என் செமஸ்டரும் கூடவே போகும் நிலையில் நான் இருந்தேன்.

எங்கள் குழுவின் தலைவிக்கு வீடு எர்ணாகுளத்தில், லிஃப்ட் வைத்த கட்டடத்தில். "ஃபீல்டுக்கு மட்டாஞ்சேரி போகலாம், அங்கதான் ரியல் கன்ஸ்யூமர் இருப்பாங்க" என்று அவள்தான் முடிவு செய்தாள். எர்ணாகுளத்தில் இருப்பவர்கள் எல்லாம் காற்றைக் குடித்து வாழ்கிறார்கள் போலிருக்கிறது. சரி என்று பஜார் ரோட்டில் வெயிலில் போய் நின்றோம். சிரித்தோம். "சேச்சி, ஒரு நிமிஷம்" என்று கெஞ்சினோம். சேச்சிகள் எங்களை ஏதோ பாலிசி விற்க வந்தவர்கள் என்று நினைத்து நடையை எட்டிப் போட்டார்கள். பேரீச்சம்பழக் கடைக்காரர் மட்டும்தான் எங்களிடம் வாய் திறந்தார்.

"வாங்குறதுன்னா நில்லு மோளே. இல்லைன்னா கொஞ்சம் நகரு, காத்தாவது வரட்டும்."

தாகத்தோடு எங்கள் வீட்டுக்குப் போனோம். அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு கலந்து கொடுத்தாள். பள்ளுருத்தியில் ஒரு கடைக்கு நைட்டி தைத்துக் கொடுப்பவள் என் அம்மா. அப்பா கொச்சங்காடியில் சுக்கு குடோனில் வேலை பார்க்கிறார். தலைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடீ, நின்டெ அம்மயும் கன்ஸ்யூமர் அல்லே?"

அறிவு அப்படித்தான் திடீரென்று பிறக்கும். என் அம்மா அந்த நிமிடமே முன்பின் தெரியாத ஒரு குடும்பத் தலைவி ஆனாள். நான் போனைப் பிடித்துக்கொண்டேன், தலைவி மலையாளத்தில் கேள்வி கேட்டாள். அம்மா உள்ளதை உள்ளபடி சொன்னாள். வீட்டில் மூன்று பேர், ஒரு மகள், டீத்தூள் எது வாங்குவது என்பதைக் கடைக்காரர் முடிவு செய்வார். ஒவ்வொரு பதிலையும் சொல்லிவிட்டு, போனுக்கு மேலே என் முகத்தைப் பார்த்தாள். சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற பார்வை. கரண்ட் பில் கட்டும்போதும் வாட்ஸ்அப்பில் யாருக்காவது பதில் அனுப்பும்போதும் இப்படித்தான் என்னைப் பார்ப்பாள். நான் தலையாட்டினேன், அவள் அடுத்த கேள்விக்குப் போனாள்.

நல்ல விஷயம் பரவ நேரம் எடுக்காது. மட்டாஞ்சேரியில் ஒரு சேச்சி இருக்கிறார், விரட்ட மாட்டார், ஜூஸும் கொடுப்பார் என்று தலைவி தாராள மனதோடு மற்ற குழுக்களுக்கும் சொல்லிவிட்டாள். ஒருநாள் நான் வீட்டுக்குள் நுழையும்போது ஷாம்பு குழு படியிறங்கிக்கொண்டிருந்தது. நேரே அம்மாவிடம் போனேன்.

"ஒரே முகம், ஒரே கதைன்னா சார் கண்டுபிடிச்சிருவாரும்மா. எல்லாருக்கும் பூஜ்யம். முதல்ல மாட்டுறது நான்தான். இனி யாராச்சும் வந்தா ஆளை மாத்து, தெரியுதா?"

"மாத்தியாச்சு. ஷாம்புக்கே மாத்தித்தான் சொன்னேன். உங்க அம்மாவை என்னன்னு நெனைச்ச?"

சேலையை மாற்றியிருப்பாள், அப்பாவின் கண்ணாடியை எடுத்து மாட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்தக் குழு வந்தது, எப்போது வந்தது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்களில் தைக்கும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நைட்டி ஆர்டர் கூடியிருக்கும் என்றுதான் நினைத்தேன். நுகர்வோர் மனதைப் படிக்கும் மாணவி அல்லவா நான்.

வீடியோக்களைப் போட்டுக்காட்டும் நாள் வந்தது. சார் ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி, முன்வரிசையில் மார்க் ஷீட்டோடு உட்கார்ந்தார். நான் கடைசி வரிசைக்குப் போய்விட்டேன்.

முதலில் எங்கள் டீத்தூள். அம்மா வந்தாள், போனாள். அடுத்து ஷாம்பு. திரையில் அப்பாவின் கண்ணாடியோடு அம்மா. அவள் பேங்கில் வேலை செய்கிறாளாம். எர்ணாகுளத்தில் ஃப்ளாட்டாம். காலையில் எட்டு மணிக்கு எழுந்திருப்பாளாம். பின்னால் எங்கள் வீட்டுக் காலண்டரும் தையல் மெஷினும் சாட்சியாக நின்றுகொண்டிருந்தன. வகுப்பில் பாதிப் பேர் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார்கள். பேங்கில் கேஷ் எண்ணி எண்ணி விரல் காய்ந்துபோவதால் நல்ல ஷாம்பு வேண்டும் என்று என் அம்மா நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தாள். விரலுக்கும் ஷாம்புவுக்கும் என்ன சம்பந்தம் என்று சார் கேட்கவில்லை. அவர் எதையோ குறித்துக்கொண்டார்.

அடுத்தது குக்கர். இப்போது அவளுக்கு இரண்டு மகன்கள், இருவரும் துபாயில். சமையலுக்கு ஓர் ஆள் வருகிறாளாம், அவளுக்கு எந்தக் குக்கர் பிடிக்குமோ அதுதானாம். பெருமையைப் பார்க்க வேண்டுமே! எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைப் பார்த்தால்தானே சார் கண்டுபிடிப்பார்? அவருக்குத் திரையின் அடியில் ஓடும் தலைப்புகள் போதும். வருமானப் பிரிவு, வயதுப் பிரிவு, கொள்முதல் நோக்கம். அதற்கு மேலே யார் இருந்தால் என்ன?

கடைசியாகச் சத்துமாவு.

அம்மா மடித்துவைத்திருந்த பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள். தலையில் பூ. வீட்டில் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை என்று கேட்டார்கள்.

"குட்டிகள் இல்ல மோளே. ஞானும் சேட்டனும் மாத்ரம்."

பிள்ளைகள் இல்லையாம், அவளும் புருஷனும் மட்டும்தானாம். யோசிக்கவே இல்லை. யார் முகத்தையும் பார்க்கவும் இல்லை. அப்புறம் கேட்காததையெல்லாம் சொன்னாள். சாயங்காலமானால் இருவரும் கடற்கரைக்குப் போவார்களாம். அங்கேயே சாயா குடிப்பார்களாம். சில நாள் சமைக்கவே மாட்டாளாம். யாருக்குச் சமைக்க வேண்டும்? சத்துமாவு சேட்டனுக்குத்தானாம், அவர் கொஞ்சம் மெலிந்துவிட்டாராம். சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அப்பாவை "இந்தா பாருங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி அவள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போனால் பக்கம்தான். ஊரிலிருந்து யாராவது வந்தால்தான் சுற்றிக்காட்டப் போவோம்.

வகுப்பே சிரித்தது. எனக்கு வலித்தது. நான் இல்லாத ஒரு குடும்பத்தைப் பார்த்து நானே பொறாமைப்பட்டேன். பேங்க் வேலையில் அவள் நடித்தாள், துபாய் மகன்கள் கதையிலும் நடித்தாள். இதில் அவள் நடிக்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சார் விளக்கைப் போட்டுவிட்டு எழுந்தார். பிடிபட்டோம் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ஒரே திருப்தி.

"வெரி குட். என்ன ஒரு வெரைட்டி பாத்தீங்களா? ஒரு கன்ஸ்யூமர் மாதிரி இன்னொரு கன்ஸ்யூமர் இல்ல. இதுதான் நான் சொன்ன செக்மென்டேஷன்."

பிறகு டீத்தூளுக்கு வந்தார்.

"இந்த குரூப் மட்டும் சரியில்ல. அந்த ஸ்திரீ ஒவ்வொரு பதிலுக்கும் கேமராக்குப் பின்னாடி யாரையோ பாக்குறாங்க. சொல்லிக்கொடுத்துப் பேச வச்சிருக்கீங்க. ரியல் கன்ஸ்யூமர் இப்படி இருக்க மாட்டாங்க. சத்துமாவு சேச்சியைப் பாருங்க, எத்ர நேச்சுரல்!"

சத்துமாவுக்கு முழு மார்க். உண்மையைச் சொன்ன ஒரே வீடியோவுக்குப் பாஸ் ஆகும் அளவுக்கு மட்டும், அதுவும் இரக்கத்தின் பேரில். தலைவி என்னை முறைத்தாள், என் அம்மா சரியாக நடிக்கவில்லையாம்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"மார்க் வந்துச்சா? சாருக்கு எது பிடிச்சுது?"

"குழந்தை இல்லாதவங்க."

அவள் நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள்.

"அது நல்லா வந்துச்சுன்னு எனக்கே தோணிச்சு."

நான் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள், அந்தப் பயம்தான் எனக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பச்சைச் சேலை மறுபடி வெளியே வந்தது. அப்பா சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, எதற்கு என்று புரியாத முகத்தோடு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். கடற்கரைக்கு என்றாள் அம்மா. நானும் கிளம்ப எழுந்தேன்.

"நீ எதுக்கு?" என்றாள், சிரித்துக்கொண்டே. "அந்த வீட்ல குழந்தைங்க கிடையாதுல்ல. அரிசி ஊற வச்சிருக்கேன், குக்கரை மட்டும் ஏத்தி வை."