ஊசி பிடித்த கை தயிருக்குப் பழகியது

1966 மாசி மாதத்து என் குறிப்பில் இப்படி இருக்கிறது: “வலக்கைச் சுட்டுவிரலோரம் அரிப்பு. புதுச் சவர்க்காரமாக இருக்கலாம்.” அப்போது திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரியின் சயரோக வார்ட்டில் தாதியாக, எல்லோருக்கும் ‘மிஸ்ஸி’யாக, இருந்தேன். அந்த ஊகம் பிழை என்று தெரிய ஓராண்டுக்கு மேல் சென்றது. இதே தொல்லையுடன் வேலைக்குப் போய்வரும் தாதியருக்கு அவ்வளவு காலம் செல்லக் கூடாது. அதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் வார்ட்டில் காலை வேலை பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிதான் (சயரோகக் கிருமியைக் கொல்லும் மருந்து). தூளாக வரும் மருந்தை நீரில் கரைத்து, சிரிஞ்சில் இழுத்து, ஊசியை மேலே பிடித்துக் காற்றை வெளியேற்றுவோம். அப்போது மெல்லிய தூவலாக மருந்து விரல்களில் விழும். யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. நோயாளியைக் காப்பாற்றும் மருந்து நமக்கு என்ன செய்துவிடப் போகிறது?

சித்திரைக்குள் விரலிடுக்குகள் சிவந்து நீர்க்கொப்புளம் கண்டன. பின்னர் தோல் வெடித்தது. நான் தாதிக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன்; இன்னும் கூடுதலாகக் கழுவினேன். டெட்டோல், ஸ்பிரிட், மறுபடி சவர்க்காரம். இறப்பர்க் கையுறை போட்டுப் பார்த்தேன். உள்ளே வியர்த்து எரிந்தது.

வீட்டில் கரண்டியால் சோறு தின்னத் தொடங்கினேன். மகள் வசந்திக்குத் தலை பின்னும்போது அவளுடைய மயிர் என் விரல் வெடிப்புகளில் சிக்கும். கையை இழுத்துக்கொள்வேன். பிறகு அவள் பக்கத்து வீட்டில் பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள்.

1967 பங்குனியில் லீவு முடிந்து திரும்பிய கிழமையே கண்மடல்கள் வீங்கின. வார்ட் டொக்டர் என் கைகளை யன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“லீவில கை எப்பிடி இருந்தது, மிஸ்ஸி?”

“கொஞ்சம் காய்ஞ்சு வந்தது, டொக்டர்.”

“இது தொடுகைத் தோலழற்சி. தோலில படுற ஏதோ ஒண்டை உடம்பு ஏற்காததால வாறது. களிம்பு தரலாம். ஆனா ஸ்ட்ரெப்டோமைசின் கையில படும்வரை இது மாறாது.”

“வேற வார்ட்டுக்குப் போனா?”

“அந்த ஊசி போடாத வார்ட் ஒண்டு இருந்தா எனக்கும் சொல்லுங்கோ.”

அவர் சிரிக்கவில்லை. ஊசி போட முடியாத தாதிக்கு ஆஸ்பத்திரியில் என்ன இடம் என்று இருவருக்குமே தெரியும்.

என் கணவர் செல்வராசா துறைமுகத்தில் கிளார்க். விசயத்தைச் சொன்னதும் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“பென்சன் உள்ள உத்தியோகத்தை ஆராவது அரிப்புக்காக விடுவினமோ?”

“இந்தாங்கோ கரண்டி. மீன் குழம்பை இதால சாப்பிட்டுப் பாருங்கோ.”

பிடிவாதமாகச் சாப்பிட்டார். முள் எடுக்க முடியவில்லை. கரண்டியை வைத்துவிட்டு, “நீர் ஒரு வருசமா இப்பிடியோ சாப்பிடுறீர்?” என்று கேட்டார். ஓம் என்றேன். மீனில் முள்ளெடுத்து என் பக்கம் வைத்துவிட்டு, “சரி, எழுதிக் குடும்” என்றார்.

ஆனியில் விலகினேன். உடனே சுகம் வரவில்லை. கண் வீக்கம் வற்றியது, ஆனால் விரல்கள் ஆறவில்லை. வேலையையும் விட்டு, கையும் இப்படியே கிடந்தால் என்ன செய்வது?

எங்கள் ஒழுங்கையில் கிண்ணியாவிலிருந்து வந்து குடியிருந்த ரஹீமா தயிர் போட்டு விற்பவர். அவருடைய காக்காமார் (அண்ணன்மார்) வளர்க்கும் எருமைகளின் பால் துறை கடந்து காலையில் வந்துசேரும். நிலாவெளிப் பக்கத்துக் கடைகளும் கேட்கத் தொடங்கியதால், கூட்டுக்கு ஆள் தேடினார்.

“வீட்டுக்குள்ள இருந்து கையையே பாத்துக்கொண்டிருந்தா கை எப்பிடிச் சுகமாகும்? வாங்க மிஸ்ஸி.”

முதல் நாள் அவர் சந்தைக்குப் போயிருந்தார். பாலை நானே காய்ச்சினேன். புதுச் சட்டிகளை டெட்டோல் கலந்த நீரில் அலசினேன். உறை ஊற்ற வைத்திருந்த பழைய தயிரில் யார் யாருடைய கை பட்டதோ என்று, அதையும் கொதிக்க வைத்தே ஊற்றினேன். மறுநாள் காலை எல்லாச் சட்டியிலும் பால் பாலாகவே நின்றது. ரஹீமா ஒரு சட்டியை மோந்து பார்த்தார்.

“என்ன மிஸ்ஸி, தயிருக்கு ஒப்பரேசனா செஞ்சீங்க? உறையையும் அவிச்சீங்களா?”

“ஓம்.”

“அதில உள்ள உசிர எல்லாம் கொன்னுபோட்டு, தயிர் வா எண்டா எங்கால வரும்?”

தயிரைப் புளிக்க வைப்பதும் கிருமிதான் என்று பயிற்சிக் காலப் பரீட்சையில் எழுதிச் சித்தியடைந்தவள் நான். இருவரும் சிரித்தோம். பிறகு அவர் என் கையைப் பிடித்து மோந்தார். சிரிப்பு நின்றது.

“கையிலயும் இதே மணம். வீட்டிலயும் இதையா ஊத்திக் கழுவுறீங்க?”

ஊத்தித்தான் கழுவிக்கொண்டிருந்தேன். வார்ட்டை விட்ட பிறகும், ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும். அன்றிலிருந்து வெறும் கிணற்றுத் தண்ணீர், இரவில் தேங்காயெண்ணெய். அந்த மாரி முடியுமுன் வெடிப்புகள் மூடின. தைப்பொங்கலன்று விரலால் சோறு பிசைந்து சாப்பிட்டேன். வசந்தி சீப்பைக் கொண்டுவந்து எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

இது நடந்து பன்னிரண்டு வருடமாகிறது. நிலாவெளி பஸ்ஸில் கொண்டக்டர், “தயிர் மிஸ்ஸி, உங்கட சட்டி சீற்றில இருக்குது. அதுக்கும் டிக்கெட் எடுங்க” என்பார். வார்ட்டில் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் உடம்பை நடத்தினேன். பசித்தாலும் வலித்தாலும் ஊசி நேரம் முடியட்டும் என்பேன். தயிரை அப்படி அதட்ட ஏலாது. வெயிலில் ஒரு நேரம், மழையில் இன்னொரு நேரம். அது உறையும்போதுதான் உறையும். என் உடம்புக்கும் இப்போது அந்த அவகாசத்தைக் கொடுக்கிறேன். குளிர்ந்த காலைகளில் விரல் நுனி சற்று இறுகும். அன்று மெதுவாக வேலை செய்வேன்.

சென்ற ஆவணியில் எங்கள் வார்ட்டின் பழைய சிற்றூழியர் ஒருவரைக் கச்சேரி (அரசாங்க அலுவலகம்) வாசலில் கண்டேன். எனக்குப் பின் அந்த வார்ட்டுக்கு வந்த மிஸ்ஸிக்கும் விரல் அரித்ததாம், ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் விலகிப் போனாராம். அந்த மிஸ்ஸியின் பெயர் சிற்றூழியருக்கு ஞாபகமில்லை. ஊர் குச்சவெளிப் பக்கம் என்கிறார்கள். இரண்டு முறை போய் விசாரித்தேன், ஆளைக் காணவில்லை. ஆகவே இது உறுதிப்படாத செய்தி. அவர் இதை வாசித்தால், டெட்டோல் போத்தலை முதலில் தூர வைக்கட்டும்.